நரி அவர் பக்கம், வட்டம் அவள் பக்கம்

கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் போன் செய்து என்னிடம் ஒரு புகார் சொன்னீர்கள். நம் நெசவாளர் சங்கத்தில் இருக்கிற எல்லாக் கணினியிலும் ஒரே பிரவுசர்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, மற்றதையெல்லாம் நீக்கி வருகிறீர்களாம். எல்லோரும் சரி என்றுவிட்டார்களாம். ஆர்டர் மேசையில் இருக்கிற வசந்தா மட்டும் தன் கணினியில் கை வைக்க விடவில்லையாம். "நீங்க சொன்னா கேப்பாங்க மேடம், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றீர்கள். சொல்கிறேன். ஆனால் அவளிடம் இல்லை, உங்களிடம். போனில் நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். ஓய்வு பெற்றவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்பது தெரியும். இருந்தாலும் படியுங்கள்.

கணினியைப் பார்த்துக்கொள்ள நான் சங்கத்தில் சேர்ந்தபோது கணினி அறை என்று தனியாக எதுவும் கிடையாது. பட்டு நூல் எடை போடுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடுப்பு, அதற்குள் ஒரு மேசை, அவ்வளவுதான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வருவார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே அப்படிச் செய்தார்கள். ஆயுத பூசைக்கு மானிட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார்கள். அடுத்த நாள் காலை முழுவதும் நான் அதைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அப்போது நெட் போன் லைனில்தான் வரும், அது வேண்டுமென்றால் செயலாளர் அறைப் போனை யாரும் தொடக் கூடாது. அவர் மறந்துபோய் ரிசீவரை எடுத்தால் பாதி திறந்த பக்கம் அப்படியே நின்றுவிடும். தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் போடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

அப்போது பிரவுசரில் தேர்வு என்ற பேச்சே இல்லை. கணினியோடு சேர்ந்து வந்தது ஒன்று, அதில்தான் எல்லாம். அப்புறம் இன்னொன்று வந்தது, பிறகு மற்றொன்று. அவற்றின் சொந்தப் பெயரை எங்கள் சங்கத்தில் யாரும் சொன்னதில்லை, திரையில் தெரிகிற படத்தைப் பார்த்து வைத்த பெயர்தான். முதலில் வந்தது நீல எழுத்து. அடுத்தது நரி. அதற்கடுத்தது வட்டம். "நரியில தொறக்கட்டா, வட்டத்துல தொறக்கட்டா?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஆளுக்கு ஒன்றின் மேல் பிடிப்பு. ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. கணக்குப் பிரிவில் ஒருவர் நரியைத் தவிர எதையும் தொட மாட்டார். அது அவருடைய மகள் சொல்லிக் கொடுத்தது. எங்கள் செயலாளருக்கு நீல எழுத்துதான் உயிர். பஸ்ஸில் ஒரே சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பழகியவர் மாதிரி, அதை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

நீல எழுத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோனதும் நான் அதை ஒவ்வொரு கணினியிலிருந்தும் எடுத்தேன். அதில் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அழுதவர்களையும் பார்த்தேன், திட்டியவர்களையும் பார்த்தேன், எடுத்துவிட்டேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆபத்து என்றால் எடுத்தே ஆக வேண்டும். செயலாளர் மட்டும், "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்று தள்ளிக்கொண்டே போனார். அவருடைய அறைக்கு நான் போகும்போதெல்லாம் டீ வந்துவிடும், வேலை நடக்காது.

சரி, வசந்தாவுக்கு வருகிறேன்.

வசந்தாவும் அவளுடைய கணவர் ஏகாம்பரமும் கோர்வைத் தறி நெய்தவர்கள். கோர்வைப் புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோக்க வேண்டும் என்பதால் அந்தத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்து உடலை நெய்வார், வசந்தா வலது பக்கம் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாக்கட்டையைத் தள்ளுவாள். அவருக்கு முட்டி போய்த் தறிக்குழியில் இறங்க முடியாமல் ஆனதும் தறியை வசந்தாவின் தம்பி எடுத்துக்கொண்டான், இவர்கள் இரண்டு பேரையும் சங்கம் ஆர்டர் மேசையில் போட்டது. ஷோரூமுக்கு நேரில் வருகிறவர்களின் விற்பனை அவர் பொறுப்பு, நெட்டில் வருகிற ஆர்டர் அவள் பொறுப்பு. கணினி ஒன்றுதான். இரண்டாவது வாங்கித் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நடக்கவில்லை.

அதனால் என்ன? இரண்டு பேரும் தறியில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தார்கள். அவர் இடது பக்கம், அவள் வலது பக்கம். திரையையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இடது பாதியில் அவருடைய நரி, வலது பாதியில் அவளுடைய வட்டம். அவருக்கு நரியில் சொல்லிக் கொடுத்தது நான், அதோடு நின்றுவிட்டார். அவளுக்கு அக்கா மகள் வட்டத்தில் சொல்லிக் கொடுத்தாள். கேட்க வேண்டுமா? நாள் முழுக்க இதே சண்டை. உன் வட்டம் சும்மா சுத்திக்கினே இருக்குது என்பார் அவர். நரிய நம்பிக் கடைய ஒப்படைச்சிக்கிறீங்களே என்பாள் அவள். புடவை வாங்க வந்தவர்கள்கூட நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை அவர்களுக்குக் கல்யாண நாள். வசந்தா மந்தாரை இலையில் கோயில் இட்லி கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். ஏகாம்பரம் அவளுக்கு ஒன்றும் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக, "இனிமே உன் வட்டத்துலயே நானும் வேலை செய்யறேன், போதுமா?" என்று சொல்லி நரியை மூடிவிட்டார். வட்டத்திலேயே இன்னொரு சன்னல் திறந்து, அதைத் தன் பக்கமாக இடதுபுறம் வைத்துக்கொண்டார். அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! புடவை வாங்கிக் கொடுத்திருந்தால்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். சாயங்காலம்வரை அந்த மேசையில் சண்டைச் சத்தமே இல்லை. எனக்கே என்னவோ போல இருந்தது.

அன்று காலையில்தான் பக்கத்து ஊரான முசரவாக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் அவருடைய மகளும் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தார்கள். அரக்கு உடல், மாம்பழக் கரை. கோர்வையில் ஒரே புடவைதான் இருக்கும், அதே மாதிரி இன்னொன்று கிடையாது. அந்தப் பெண் அதைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு வேறு எதையும் விரிக்கவே விடவில்லை. முந்தியில் குஞ்சம் கட்ட வேண்டும், மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு நேராக அம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இங்கே அது வழக்கம். முகூர்த்தப் புடவையைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய், அம்மன் பாதத்தில் வைத்து வாங்கின பிறகுதான் பெண் மேல் படும். ஏகாம்பரம் அவர்கள் கண் முன்னாலேயே அந்தப் புடவையைக் கணினியில் 'ஒதுக்கி வை' என்று அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அவர்கள் உறவுக்காரர்களோடு வந்து இறங்கினார்கள். பூ, பழம், வெற்றிலை பாக்கு வைத்த தட்டு பெண் கையில் இருந்தது. அலமாரியில் புடவை இல்லை. கணினியைப் பார்த்தால், காலையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நெட்டில் வாங்கிவிட்டார் என்று இருக்கிறது. பேக்கிங் ஆள் குஞ்சமெல்லாம் கட்டித் தயாராக இருந்த புடவையை மடித்துப் பெட்டியில் போட்டு, கூரியருக்கே அனுப்பிவிட்டார்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அந்தப் பெண் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றிருந்தாள். ஏகாம்பரம் செயலாளரைப் பார்த்து, "நான்தான் ஒதுக்காம வுட்டுட்டேன் போல சார்" என்கிறார். வசந்தா, "இல்ல சார், நான்தான் எதையோ அமுக்கிட்டேன்" என்கிறாள். ஒருவரை ஒருவர் காப்பாற்றப் பார்க்கிறார்கள். செயலாளருக்கு அது போதுமாக இருந்தது.

"ரெண்டு பேரும் ஒத்துக்கினாங்க. அப்புறம் விசாரிக்க இன்னா இருக்குது?" என்றார். "ஒரு மெஷினுக்கு ஒரு ஆளு. திங்கக்கெழமையிலேர்ந்து ஏகாம்பரம் வாலாஜாபாத் கிளைக்குப் போவட்டும்."

ஏகாம்பரம் சரி என்று தலையாட்டினார். பஸ் படியில் ஏற முடியாத முட்டியை வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். யார் அழுத்தினது, எந்தப் பட்டன், எந்த நேரம் என்று கணினியைக் குடைய வேண்டும் என்று தோன்றும். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் தட்டோடு ஒரு பெண் நிற்கும்போது கணினி காத்திருக்கலாம். காரணம் எங்கேயும் ஓடிவிடாது, கூரியர் வண்டி ஓடிவிடும்.

வசந்தா இன்னொரு அரக்குப் புடவையை எடுத்துக் காட்டி நேரத்தை ஓட்டலாமா என்று என் காதில் கேட்டாள். வேண்டாம், நடந்ததை அப்படியே சொல்லிவிடு என்றேன். சொன்னாள். பெண்ணின் அம்மா வாங்கு வாங்கென்று வாங்கினார். எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டு, பிறகு வசந்தாவே கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். அந்த மனிதர் அறுபதாம் கல்யாணத்துக்காக வாங்கியிருந்தார், அதற்கு இன்னும் மாதக்கணக்கில் நாள் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும், கல்யாணப் பொண்ணுக்கு முதல்ல குடுங்கம்மா, எனக்கு வேற ஒண்ணு காட்டுங்க என்று சொல்லிவிட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

நானும் ஏகாம்பரமும் ஆட்டோவில் கூரியர் ஆபீசுக்குப் பறந்தோம். அங்கே மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டின மூட்டையை அவிழ்க்க மாட்டேன் என்றார் அங்கிருந்த ஆள். ஏகாம்பரம் மூட்டைப் பக்கம் போனார். கட்டின கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். விட்டால்தானே வண்டியில் ஏற்றுவது? அவரை நகர்த்திப் பார்த்துவிட்டு, முடியாமல் முனகிக்கொண்டே அவிழ்த்தார் அந்த ஆள். கோயிலில் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புடவை தட்டில் இருந்தது.

எங்கள் ஊர் திருப்பருத்திக்குன்றம். நாங்கள் சமணர், பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. அன்று வீடு போய்ச் சேர இருட்டிவிட்டதால் வெறும் வயிற்றோடுதான் படுத்தேன். பசி பெரிதாகத் தெரியவில்லை. கிளம்பும்போது வசந்தா சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"கல்யாணமான நாள்லேர்ந்து அவுரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்தான் வேலை செஞ்சிக்கினு இருக்கோம்க்கா. தனியா எப்படி செய்யறதுன்னு அவுருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

சனிக்கிழமை காலை இரண்டு பேரையும் மேசையில் உட்காரச் சொன்னேன். எப்போதும் போல வேலை செய்யுங்கள், நான் இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, வெறுமனே பார்த்தேன். அவர் தன் சன்னலில் ஷோரூம் பெயரில் நுழைந்தார். அவள் தன் சன்னலில் நெட் ஆர்டர் பெயரில் நுழைந்தாள். அவர் ஒரு புடவையை ஒதுக்கினார். அது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். ஒரே பிரவுசரில் எத்தனை சன்னல் திறந்தாலும் அதற்கு ஆள் ஒன்றுதான். கடைசியாக நுழைந்தவர் யாரோ அவர் பெயர்தான் எல்லாச் சன்னலுக்கும். அவர் ஒதுக்கினது அவள் பெயரில் விழுந்திருக்கிறது. நெட்டில் எடுத்து வைத்துவிட்டு வாங்காமல் போகிறவர்களுடையதை வசந்தா தினமும் வேலை முடிகிற நேரத்தில் விடுவித்துவிடுவாள். அவற்றோடு முசரவாக்கத்துப் புடவையும் விடுபட்டு, நெட்டில் மறுபடி விற்பனைக்குப் போய்விட்டது. அவர் நரியிலும் அவள் வட்டத்திலும் இருந்தவரை இது நடக்கவே வழியில்லை. அது அவர்களுக்கும் தெரியாது, ஏன், எனக்கும் அதுவரை தோன்றவில்லை. இரண்டு பேருடைய பிடிவாதம்தான் சங்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. ஆசையாக விட்டுக் கொடுத்த ஒரு நாளில் கவிழ்ந்துவிட்டது.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன். டீ வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் பிரவுசரும் ஒன்று, ஆளும் ஒன்று என்று வைத்துவிடலாம், குழப்பமே இருக்காது என்றார். அவர் கெட்டவர் இல்லை. நேர்க்கோட்டில் யோசிக்கிறவர். நான் டீயைத் தள்ளி வைத்தேன்.

"சார், உங்க மெஷின்ல அந்த நீல எழுத்த எடுக்க ஏன் சார் வுட மாட்டேங்கிறீங்க?"

"பழகிடுச்சும்மா. வேற எதுலயும் எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

"அவங்களுக்கும் அதேதான் சார். உங்களுது ஆபத்து, எடுத்தே ஆவணும். அவங்களுது ரெண்டும் நல்லாத்தான் இருக்குது, இருந்துட்டுப் போவட்டும்."

"அப்ப நான் மட்டும் வுட்டுக் குடுக்கணுமா?"

"ஆமா சார்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலைக்கே உலை வைத்துக்கொண்டோமோ என்று எனக்குத் திக்கென்றது. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து, "எடுத்துடும்மா. நான் பாக்கல" என்று சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எடுத்தேன். வாலாஜாபாத் பேச்சு அதோடு நின்றது.

மேசைக்குத் திரும்பினால் அங்கே புதுச் சிக்கல். ஏகாம்பரம் நரிக்குத் திரும்ப மாட்டேன் என்கிறார். கல்யாண நாளில் கொடுத்த வாக்கு, எடுத்துக்கொண்டால் அவள் மனசு கஷ்டப்படுமாம். வசந்தா மவுசை அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

"எனக்காக வுட்டுக் குடுத்ததெல்லாம் போதும். உங்க நரிய இஸ்துக்கினு வந்து அந்தப் பக்கம் கட்டுங்க."

கட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் பழைய சண்டை ஆரம்பமாகிவிட்டது. அந்தச் சத்தம் காதுக்கு அவ்வளவு இதமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஏகாம்பரம் ஓய்வு பெற்றுவிட்டார். காலையில் வசந்தாவுக்குச் சோறு கட்டிக் கொடுப்பதும், சாயங்காலம் சங்கத்து வாசலில் வந்து நிற்பதும்தான் இப்போது அவருக்கு வேலை. இரண்டு பொறுப்பும் வசந்தா தலையில். ஒரே பிரவுசருக்குள்ளேயே இரண்டு ஆளாக நுழைய இப்போது வழி இருக்கிறது, நரி தேவையே இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். சரிதான். எனக்கும் தெரியும். நீங்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

உங்களிடம் பேசி முடித்ததும் நான் வசந்தாவுக்குப் போன் செய்தேன். பிள்ளைகள் சொல்வது நியாயம்தானே, இன்னும் எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"எனக்கு அந்த நரியப் புடிக்காதுக்கா. அப்பவும் புடிக்காது, இப்பவும் புடிக்காது. காலையில வந்ததும் மொதல்ல அதத்தான் தொறந்து இடது பக்கம் வெக்கறேன். அப்பத்தான் பக்கத்துல ஆள் இருக்கிற மாதிரி இருக்குது. அது அவுரு பக்கம்க்கா."

பிள்ளைகளே, அந்தக் கணினியில் எதையும் எடுக்காதீர்கள். புதுப்பிப்பு மட்டும் தவறாமல் போட்டுவிடுங்கள். இரண்டுக்கும்.